ஒரே இசை, பல டிரம் கோர்: யார் வாசித்தது சிறப்பு? கேள்வி பதில்

டிரம் கோர் என்பது பித்தளை ஊதுகருவி, டிரம், கொடியுடன் மைதானத்தில் நடந்தபடியே வாசிக்கும் குழு. அமெரிக்காவின் டி.சி.ஐ. (டிரம் கோர் இன்டர்நேஷனல்) போட்டிகளில் பெயர்பெற்ற படைப்புகளை யார் நன்றாக வாசித்தார்கள் என்று உறுப்பினர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: சார், நான் இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். அதிகப் புள்ளி வாங்கியதுதான் சிறந்த வாசிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இன்றைய முறையில் 100 புள்ளியில் இசைக்கு 30, காட்சிக்கு 30, ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40. நடை (மைதானத்தில் அணிவகுத்து நகரும் வடிவம்), கொடி, இசை எல்லாம் சேர்ந்துதான் முதலிடம். வெவ்வேறு ஆண்டுகளின் புள்ளியை ஒப்பிடுவதும் பயனில்லை. பிழைக்குப் பிழை கழிக்கும் பழைய முறை 1984இல் போய்விட்டது. 2014இல் புளூ டெவில்ஸ் வாங்கிய 99.65ஐயும் 1984இல் கார்ஃபீல்ட் கடெட்ஸ் (கீழே வரும் கடெட்ஸ் இதே குழுதான்) வாங்கிய 98.00ஐயும் பக்கத்தில் வைத்தால் எதுவும் தெரியாது. காதால்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: 1993இல் கடெட்ஸ் வென்றது சரியா, ஸ்டார் ஆஃப் இந்தியானா வென்றிருக்க வேண்டுமா? முப்பது வருடமாக இந்தச் சண்டை ஓயவில்லையே, அண்ணா!

பதில்: 97.4க்கு 97.3. பத்தில் ஒரு புள்ளி இடைவெளி என்றால் சண்டை எப்படி ஓயும்? ஆனால் அன்றைக்கு யார் வென்றிருக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி, எடுத்த இசையை யார் சிறப்பாக மாற்றி எழுதினார்கள் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு என் பதில் ஸ்டார்தான்.

காரணம், மூல இசை. கடெட்ஸ் வாசித்தது டேவிட் ஹோல்சிங்கர் காற்றுக்கருவி பேண்டுக்காகவே எழுதியது. பித்தளை ஊதுகருவிகளுக்கும் தாளக் கருவிகளுக்கும் தேவையானது அதிலேயே இருக்கிறது. மரக்குழல்களின் பகுதியை மாரிம்பா, வைப்ரஃபோன் (இரண்டும் கோலால் தட்டும் சுரப்பலகைக் கருவிகள்), சோப்ரானோ புகிள்களுக்கு (உயர்சுருதிப் பித்தளை ஊதுகருவிகள்) பிரித்துக் கொடுத்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது. ஸ்டார் கையில் எடுத்ததோ சாமுவேல் பார்பரின் மெடியா இசையும், நரம்புக் கருவிகள், தாளக் கருவிகள், செலஸ்டா (மணியொலி தரும் விசைப்பலகைக் கருவி) ஆகியவற்றுக்காகப் பார்ட்டோக் 1936இல் எழுதியதும். வயலினில் வில்லை அதிரவிட்டு ஒரே சுரத்தை நீட்டும் இடத்தை அப்படியே புகிளுக்கு எழுதினால் நாக்கு ஓய்ந்து சத்தம் தடித்துவிடும். அதனால் அதிர்வை மாரிம்பாவுக்குக் கொடுத்து, பித்தளைக்கு நீண்ட மெல்லிய சுரத்தை மட்டும் வைக்க வேண்டும். அப்படியும் ஓர் ஆபத்து உண்டு. மாரிம்பா மைதானத்தின் முன்னோரத்தில் நிற்கும், பித்தளை பின்னால் போய்விடும். இரண்டும் ஒரே வாத்தியம்போல் ஒட்ட வேண்டுமானால் அந்த நேரத்தில் நடை பித்தளையை முன்னுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். இசை எழுதுபவரும் நடை வரைபவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் இது நடக்கும். ஸ்டாரின் 1993 வாசிப்பில் அந்த இணைப்புத் தெளிவாகக் கேட்கிறது. மௌனத்தையும் மெல்லொலியையும் அவர்கள் நம்பிய அளவுக்கு அதுவரை கோர்கள் நம்பியதில்லை. கூட்டத்தில் ஒரு பகுதி அதை ஏற்கவில்லை என்பதும் உண்மைதான். அந்த ஆண்டோடு ஸ்டார் போட்டியை விட்டு விலகியது. அந்த வழியில் வந்த 'பிளாஸ்ட்' மேடை நிகழ்ச்சி 2001இல் அமெரிக்க நாடக மேடைக்கான டோனி விருது பெற்றது.

கேள்வி: இத்தாலிய இசையமைப்பாளர் ரெஸ்பிகி ரோம் நகரைப் பற்றி எழுதிய இசைக்கு யார்?

பதில்: அதே ஸ்டார், 1991. அந்த ஆண்டு பட்டமும் அவர்களுக்கே. 'ரோம் நகரின் பைன் மரங்கள்' முடிவு மெல்லிய ஒலியில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். மற்றவர்கள் தோற்பது பாதி வழியிலேயே முழுச் சத்தத்தையும் செலவழித்துவிடுவதால். அதன் பிறகு ஏற இடமில்லை.

கேள்வி: மலகேஞா? மேடிசன் ஸ்கௌட்ஸ் 1988 தவிர வேறு யாராவது உண்டா?

பதில்: எனக்கு இல்லை. லெக்குவோனாவின் பியானோ இசை, ஸ்டான் கென்டன் ஜாஸ் இசைக்குழு வழியாகப் பித்தளைக்கு வந்தது. 1988இல் கையில் இருந்தது ஜி சுருதி, இரண்டு வால்வு புகிள். மூன்றாம் வால்வு 1990இல்தான் அனுமதிக்கப்பட்டது. இரண்டு வால்வில், எழுதும் முறைப்படி, நடு சி-க்கு மேலுள்ள சி ஷார்ப், டி, ஈ ஃபிளாட் மூன்றும் கிடைக்காது. அதற்கு மேல் ஏ ஃபிளாட்டும் கிடைக்காது. அரைச்சுரமாகக் கீழே இறங்கும் வரி வந்தால் அதை வேறு கருவிப் பிரிவுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வரியையே உயரத்தில் வைக்க வேண்டும். உச்சத்தில் அத்தனை சோப்ரானோக்கள் கத்துவதில் ஆர்வம் மட்டுமல்ல, கருவியின் கட்டாயமும் இருக்கிறது. இன்றைய மூன்று வால்வு பி ஃபிளாட் கருவியில் அதே ஏற்பாட்டை வாசித்தால் சுத்தமாக இருக்கும், அந்தச் சூடு வராது.

கேள்வி: 'வெஸ்ட் சைட் ஸ்டோரி': கடெட்ஸ் 1984 அல்லது 2009?

பதில்: 1984. ஜார்ஜ் ஸிங்காலி வரைந்த சமச்சீரற்ற, வேகமான நடை, இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைனின் கோணலான தாளத்தோடு பொருந்துகிறது. 2009இல் ஒலிபெருக்கி உண்டு, கருவியும் மேம்பட்டது. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவே.

கேள்வி: ஃபாண்டம் ரெஜிமெண்ட் 2008 'ஸ்பார்ட்டகஸ்' நாடகத்துக்காக வென்றதா, இசைக்காகவா?

பதில்: இரண்டையும் பிரிக்க முடியாததால் வென்றது. 98.125, புளூ டெவில்ஸ் 98.100. 1982இலும் அவர்கள் கச்சதூரியனின் இந்த இசையை வாசித்திருக்கிறார்கள். நீண்ட மெல்லிசை வரிகளை 2008இல் கவனியுங்கள், எங்கும் மூச்சு வெட்டு கேட்காது. பக்கத்தில் நிற்கும் இருவர் ஒரே இடத்தில் மூச்செடுப்பதில்லை, தாளச் சுற்றைப் பிரிக்கும் கோட்டிலும் எடுப்பதில்லை. சத்தத்தைக் குறைத்துக்கொண்டே விலகி, மூச்செடுத்து, குறைந்த சத்தத்திலேயே திரும்பச் சேர வேண்டும். திரும்பும்போது நாக்கால் தட்டித் தொடங்கினால் வரி உடைந்துவிடும்.

கேள்வி: ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பதிவுகளில், ஒன்றில் டிரம் பிந்திக் கேட்கிறது. வாசிப்புப் பிழையா, பதிவுப் பிழையா?

பதில்: பெரும்பாலும் மைக் இருந்த இடம். போட்டி நடக்கும் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் ஆழம் 53⅓ கெஜம், அதாவது சுமார் 49 மீட்டர். பின்கோட்டிலிருந்து முன்கோட்டுக்கு ஒலி வர 0.14 நொடி ஆகும். நிமிடத்துக்கு 160 காலடி வேகத்தில் அது ஒரு காலடியின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் முன்னால் நிற்பவர்கள் டிரம் மேஜரின் (முன்னால் நின்று கையசைத்துத் தாளம் காட்டுபவர்) கையைப் பார்த்து அடிப்பதில்லை, பின்னால் நடுவிலிருந்து வரும் ஸ்னேர் டிரம் சத்தம் தங்களை வந்து சேரும்போது சேர்ந்துகொள்கிறார்கள். டிரம் வரிசை பித்தளைக்கு முன்னால் வந்துவிட்டால் விதி தலைகீழ்: பின்னால் இருப்பவர்கள் காதை நம்பாமல் கையைப் பார்க்க வேண்டும். இந்த மாற்றம் நடக்கும் நான்கைந்து காலடிகளில்தான் பெரும்பாலான கோர்கள் சிதறுகின்றன.

முன்வரிசை மாரிம்பாவுக்கு அருகே வைத்த மைக்கில் பின்னால் உள்ளது மங்கி, பின்தங்கியதுபோல் கேட்கலாம். தீர்ப்புச் சொல்லுமுன் பார்வையாளர் மேல்மாடியில், மைதானத்தின் நடுவிலுள்ள 50 கெஜக் கோட்டுக்கு நேரே எடுத்த பதிவைத் தேடிக் கேளுங்கள். அதிலும் டிரம் விலகியிருந்தால் அது வாசிப்புப் பிழைதான்.