சர்வர் நின்ற இரவு

அன்புள்ள ஐயா,

கேம்கள், திரைப்படங்கள், தொடர்கள் குறித்து நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். நானும் நான்கு நண்பர்களும் ஆறு ஆண்டுகளாகச் சேர்ந்து ஆடிவந்த ஓர் ஆன்லைன் கேமின் சர்வரை அதன் நிறுவனம் சென்ற மாதம் நிறுத்திவிட்டது. கடைசி இரவில் ஐவரும் அந்த கேமில் வரும் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஏறி நின்றோம். நள்ளிரவில் ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி மட்டும் திரையில் மிஞ்சியது. காசு கொடுத்து வாங்கிய அந்த கேம் இன்னமும் என் கணினியில் 60 ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, திறந்தால் திறப்பதில்லை. இதைச் சொல்லி வருந்தினால், ‘பொழுதுபோக்குதானே, அடுத்த கேமுக்குப் போ’ என்கிறார்கள். நான் வருந்துவது அசட்டுத்தனமா? இவற்றையெல்லாம் பாதுகாக்கத்தான் வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அசட்டுத்தனமே இல்லை. நீங்கள் இழந்தவை இரண்டு. ஒன்று, விலை கொடுத்து வாங்கிய கேம். மற்றொன்று, அதற்குள் ஆறு ஆண்டுகளாக நீங்கள் ஐவரும் வாழ்ந்த வாழ்க்கை. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ‘அடுத்த கேமுக்குப் போ’ என்ற பதில் பலருக்கு நியாயமாகத் தோன்றுகிறது.

முதலாவதைப் பற்றி இப்போது உலகெங்கும் பேச்சு எழுந்திருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய கேமைத் தனியாகவே ஆடலாம் என்றாலும், அது இயங்குவதற்குச் சர்வரின் தொடர்பு எந்நேரமும் தேவைப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று சர்வர் நிறுத்தப்பட்டதும், டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவர்களால்கூட அதை ஆட முடியாமல் போயிற்று. அதைத் தொடர்ந்து ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் கோரிக்கை மிக எளியது: சர்வரை என்றென்றைக்கும் நடத்த வேண்டாம், நிறுத்தும்போது, வாங்கியவர்கள் ஆடக்கூடிய நிலையில் கேமை விட்டுச்செல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்களே கையெழுத்திட்டுச் சட்டம் கோரும் ‘குடிமக்கள் முன்னெடுப்பு’க்குத் தேவையான 10 லட்சம் கையெழுத்துகளை அது 2025 ஜூலையில் கடந்தது. கலிஃபோர்னியாவிலோ, கேம் போன்ற டிஜிட்டல் பொருள்களைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் விற்றுக்கொண்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் பொத்தானில் ‘வாங்குக’ என்று எழுதக் கூடாது என்னும் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இது சிறிய சட்டம்தான். ஆயினும் ஒரு சொல்லின் நேர்மையைக் காக்கிறது என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆள் குறைந்துபோன சர்வரை நடத்தச் செலவாகிறது. பாடல்களுக்கும் கார்களின் பெயர்களுக்கும் பெற்ற உரிமங்கள் காலாவதியாகின்றன. அவற்றை நான் ஏற்றுக்கொள்கிறேன். தனியாக ஆடக்கூடிய பகுதியையும் சேர்த்துப் பூட்டிவிடுவதை மட்டும் எந்தக் கணக்கிலும் ஏற்க முடியவில்லை. யூபிசாஃப்டே அத்தொடரின் அடுத்த இரு கேம்களுக்கு இணையம் இல்லாமல் ஆடும் வசதியைத் தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. ஆக, மனம் இருந்தால் வழியும் இருக்கிறது.

‘எல்லாவற்றையும் பாதுகாக்கத்தான் வேண்டுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க மௌனப் படங்களைப் பற்றி அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை அங்கே வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீளப் படங்களில் 70 விழுக்காடு அடியோடு அழிந்துவிட்டதாக அது கணக்கிட்டது. அவற்றை அழியவிட்டவர்கள் சினிமாவை வெறுத்தவர்கள் அல்லர். பேசும் படம் வந்துவிட்டது, பழைய படத்துக்குச் சந்தை இல்லை, படம் பதிந்த நைட்ரேட் சுருளோ எளிதில் தீப்பற்றக்கூடியது, உருக்கினால் வெள்ளியாவது கிடைக்கும் என்று அன்றைய நடைமுறைக்கு ஏற்ப முடிவெடுத்தவர்கள். உங்களிடம் இன்று சொல்லப்படும் ‘அடுத்ததற்குப் போ’ என்பதைத்தான் அவர்களும் சொன்னார்கள். தம் காலத்தின் எந்தப் படைப்பு பின்னாளில் தேடப்படும் என்று அறியும் ஆற்றல் அவர்களுக்கு இருக்கவில்லை, நமக்கும் இல்லை. சிறந்தவற்றை மட்டும் காப்போம் என்ற யோசனையை நான் மறுப்பதற்கு இதுவே காரணம். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று சந்தையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் தெரிவித்தது. மௌனப் படங்கள் போன வழியில்தான் இவையும் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆனால் உங்கள் கடிதம் என்னைத் தொட்டது கேமுக்காக அல்ல, அந்தக் கலங்கரை விளக்கத்துக்காக. இங்கேதான் நாம் இழக்கும் இரண்டாவது பொருள் இருக்கிறது. நிறுவனம் நாளைக்கே மனம் மாறி சர்வரைத் திறந்துவிட்டாலும் அது திரும்பி வராது.

2005 செப்டம்பரில், பலரும் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற ஆன்லைன் கேமில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். ஹக்கார் என்ற பெரும் பகைவனோடு மோதும்போது, வீரர்களின் உயிராற்றலை வேகமாகக் குறைத்து, அருகில் நிற்பவருக்கும் தொற்றிக்கொள்ளும் ‘கரப்டட் பிளட்’ என்ற சாபம் அவர்கள்மேல் விழும். அந்தப் போர்க்களத்துக்கு உள்ளேயே அது முடிந்துவிட வேண்டும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். ஆனால் வீரர்களோடு செல்லும் வளர்ப்புப் பிராணிகளையும் அது தொற்றியது. தொற்றிய பிராணியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு நகரத்துக்கு வந்து மறுபடி அழைத்தபோது, பிராணியோடு நோயும் வந்து இறங்கியது. கடைக்காரர்களாக நிற்கும் கணினிப் பாத்திரங்கள் தமக்கு ஒன்றும் ஆகாமலேயே, வருவோர் போவோருக்கெல்லாம் அதைப் பரப்பின. தேர்ந்த வீரர்கள் தாக்குப்பிடித்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் சில நொடிகளில் மடிந்தார்கள். தெருக்களில் எலும்புக்கூடுகள் குவிந்தன. மக்கள் நகரங்களை விட்டு ஓடினார்கள். நலமாக்கும் ஆற்றல் பெற்றவர்கள் யாரும் கேட்காமலே தெருவில் நின்று பிறரைக் காப்பாற்றினார்கள். சிலர் வேண்டுமென்றே நோயைச் சுமந்துகொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார்கள். இத்தனையும் எந்த நிரலாளரும் எழுதிவைத்த கதை அல்ல. 2007இல் எரிக் லோஃப்கிரனும் நீனா ஃபெஃபர்மனும் ‘தி லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ்’ ஆய்விதழில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். கொள்ளைநோயின்போது மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று அறிய இத்தகைய உலகங்கள் உதவக்கூடும் என்பது அவர்கள் கருத்து.

2019 ஆகஸ்டில் அந்த கேமின் பழைய வடிவத்தை அதை உருவாக்கிய பிளிஸார்டு நிறுவனமே மீண்டும் வெளியிட்டது. அதே மலைகள், அதே நகரங்கள். நான் மகிழ்ச்சியோடுதான் உள்ளே நுழைந்தேன். என்றாலும், சந்தைக்கு வந்த இடத்தில் காரணம் தெரியாமல் மடிந்து விழுந்த அந்த 2005ஆம் ஆண்டின் திகைப்பை எந்த மறுவெளியீட்டாலும் தர இயலாது. அன்று அங்கே இருந்தவர்கள் எழுதிவைத்தார்கள், படம்பிடித்தார்கள். ஆய்வாளர்களுக்கும் நமக்கும் இன்று எட்டுவது அவ்வளவுதான்.

என் வீட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. என் அக்காவும் நானும் முறைவைத்து ஆடிய பிராணிகளைப் பிடித்துப் பழக்கும் ‘போக்கிமான் கோல்டு’ கேமின் கார்ட்ரிட்ஜை, அதாவது கருவியில் செருகும் சிறு பெட்டியை, சில ஆண்டுகளுக்கு முன் திறந்தேன். அதன் திருகைக் கழற்ற, அதற்கென்றே உள்ள திருப்புளி வேண்டும். உள்ளே பச்சைப் பலகையின் ஓரத்தில், உலோகப் பட்டைகளோடு பற்றவைத்த, நாணயம் போன்ற ஒரு பேட்டரி இருந்தது. ஆடி நிறுத்திய இடம்வரை சேமித்த ஆட்டத்தை நினைவில் வைத்திருப்பதும், கேமுக்குள் பகலையும் இரவையும் மாற்றும் கடிகாரத்தை ஓட்டுவதும் அதுதான். அது செத்துப்போயிருந்தது. புதியதைப் பொருத்தி இயக்கினேன். இசை அப்படியே வந்தது, படங்கள் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. ஆனால் முகப்பில் ‘தொடர்க’ என்ற தேர்வு இல்லை. ‘புதிய ஆட்டம்’ மட்டுமே இருந்தது. பிடித்த ஒவ்வொரு பிராணிக்கும் அக்கா தன் பள்ளித் தோழியரின் பெயர்களைச் சூட்டியிருந்தாள். கேம் பிழைத்துக்கொண்டது, அந்தப் பெயர்கள் பிழைக்கவில்லை. அன்று மாலையே அவளை அழைத்து, அவள் சொல்லச் சொல்ல நினைவிலிருந்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதினேன். பதினொரு பெயர்கள் கிடைத்தன.

என்னைப் போன்று பொழுதுபோக்குச் செய்திகளை எழுதுபவர்களிடமும் ஒரு குறை இருக்கிறது. ட்ரெய்லருக்கும் வெளியீட்டு நாளுக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். மூடப்படும் நாளுக்கு ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கிறோம். ‘கான்கார்ட்’ என்ற ஆன்லைன் கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணமும் திருப்பித் தரப்பட்டபோது, எல்லோரும் நட்டத்தைப் பற்றியே எழுதினோம். அந்த இரண்டு வாரங்களில் அதை விரும்பி ஆடியவர்களும் இருந்தார்கள். அவர்களைத் தேடிப்போய்க் கேட்டிருக்க வேண்டும்.

நம்பிக்கை இழக்கவும் தேவையில்லை. 2012 நவம்பரில் மூடப்பட்ட ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ கேமை ரசிகர்கள் தாங்களாகவே சர்வர் அமைத்து உயிர்ப்பித்தார்கள். 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசாஃப்ட் நிறுவனமே அவர்களில் ஒரு குழுவுக்கு முறையான உரிமம் வழங்கியது. ஆகவே அந்த 60 ஜிபியை அழித்துவிட வேண்டாம். தனி டிஸ்க்கில் ஏற்றி, வெளியான ஆண்டையும் கடைசியாக வந்த பதிப்பின் எண்ணையும் அதன்மேல் எழுதிவையுங்கள். என்றாவது ஒருவர் அந்த சர்வரை மீட்டெடுக்க முயன்றால் அவருக்கு அது பயன்படும்.

மற்றதை நீங்கள்தான் செய்ய வேண்டும். அந்தக் கலங்கரை விளக்கத்துக்குப் போவது என்று முடிவெடுத்தது ஐவரில் யார், மேலே ஏற எவ்வளவு நேரம் பிடித்தது, நள்ளிரவுக்கு முந்திய நிமிடங்களில் என்ன பேசிக்கொண்டீர்கள், யார் பேசாமல் நின்றார்கள் என்பதையெல்லாம் நண்பர்களையும் கேட்டு எழுதி அனுப்புங்கள். எத்தனை பக்கமானாலும் இங்கே வெளியிடுகிறேன்.