சேசிஸில் ரம்பம் வைக்கலாமா?

கேள்வி: அப்பா ஓட்டிய, 2011இல் பதிவான ஸ்ப்ளெண்டர் எங்கள் கொல்லைக் கொட்டகையில் நிற்கிறது. ஒற்றை இருக்கை, குட்டை மட்கார்டு, பருத்த டயர் எல்லாம் அடங்கிய 'பாபர்' கிட் ஒன்றை வாங்கி, சேசிஸின் (வண்டிச் சட்டகத்தின்) பின்பகுதியை அறுத்து, வீட்டிலேயே பொருத்த எண்ணியுள்ளேன். வெல்டிங் தெரிந்த நண்பர் உதவுவார். செய்யலாமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்கள் தங்கள் கனத்த மோட்டார் சைக்கிள்களின் முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டை நறுக்கி, வண்டியை இலகுவாக்கி ஓட்டியதில் பிறந்த பாணி இது. அவர்களிடம் குறைப்பதற்கு எடை இருந்தது. உங்களுடையதோ ஏறக்குறைய 8 குதிரைத்திறன் தரும் 97.2 சிசி எஞ்சின். அதில் பருத்த டயரை மாட்டினால் எடை கூடும், மைலேஜ் இறங்கும், டயர், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ செயினிலோ உரசும்.

நண்பரின் கைத்திறனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மெல்லிய சேசிஸ் குழாயை வெல்டிங் செய்யும்போது, பற்றுவைத்த இடத்தைவிட அதை ஒட்டிச் சூடேறிய இடத்தில்தான் பின்னாளில் விரிசல் விடும். பெயின்டுக்கு அடியில் அது கண்ணுக்கும் தெரியாது. ஷாக் அப்சர்பரையும் நீக்கிவிட்டால், ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராக அந்தப் பற்றுக்கும் உங்கள் இடுப்புக்கும் போய்ச் சேரும்.

பாபர் பிரியர்கள் முதலில் கழற்றுவது செயின் கவரை. பங்குனி, சித்திரையில் நம் பக்கத்தில் உளுந்துச் செடியையும் பயற்றங்கொடியையும் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வருகிற வண்டிகளையே போரடிக்க வைப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நீடாமங்கலம் சாலையில் திறந்த செயினோடு வந்த ஒருவரின் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) கயிறுபோல் முறுக்கிக்கொண்ட கொடியைப் பேனாக்கத்தியால் அறுத்தெடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மெதுவாக வந்ததால் அவர் பிழைத்தார். ஐப்பசி மழையில் குட்டை மட்கார்டு உங்கள் முதுகில் வாரி இறைக்கப்போகும் வண்டல் சேற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை.

சட்டமும் இதில் கடுமையானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, மீறும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை 2 என்றிருக்கும். ஒற்றை இருக்கை போட்ட உடனேயே வண்டி அதற்கு முரணாகிவிடும்.

ஆசை அடங்கவில்லையென்றால் இருவர் இருக்கையின் பஞ்சை மட்டும் சற்றுக் குறைத்து, பழுப்பு ரெக்சினில் தைத்துக்கொள்ளுங்கள். டேங்கின் நிறத்தை மாற்றாமல் பாலிஷ் போடுங்கள். 2011ஆம் ஆண்டுப் பதிவுக்கு 15 ஆண்டுக் காலம் 2026இல் முடிவதால், புதுப்பிப்பதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்ட வேண்டியிருக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துக் குழாயில் பொறித்த சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பார்கள். அதன்மேல் பெயின்ட் ஏறியிருந்தால் இப்போதே தின்னர் தொட்ட துணியால் துடைத்து, எழுத்துகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.