கல்வெட்டு, கல்லறை, மரண அறிவித்தல்: முன்னோரைத் தேடுவோர் கேட்ட கேள்விகள்

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். எல்லோரையும் சுடலையில் எரித்தாயிற்று. கல்லறையே இல்லாதவர்கள் எங்கே தேடுவது?

அந்தியேட்டிக் கல்வெட்டைத் தேடுங்கள். 31ஆம் நாள் கிரியைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலர்தான் அது. தேவார திருவாசகப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனால், பலவற்றில் வம்சாவளி அச்சாகியிருக்கும். நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இப்படிப்பட்ட மலர்கள் நிறைய உண்டு, இலவசமாகப் படிக்கலாம். உங்கள் பூட்டனாரின் கல்வெட்டு கிடைக்கவில்லையா? அவருடைய சகோதரிகளைக் கட்டியவர்களின் கல்வெட்டைப் பாருங்கள், அதே தலைமுறை அங்கேயும் வரும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு தலைமுறைக்கு மேலே உள்ளதெல்லாம் யாரோ ஒரு பெரியவர் நினைவிலிருந்து சொன்னது. சிறு வயதில் இறந்த பிள்ளைகள், குடும்பத்துக்குப் பிடிக்காத கலியாணம் செய்தவர்கள் அதில் விடுபட்டிருப்பார்கள். பெயர் இல்லை என்பதால் ஆளே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

கல்வெட்டின் திதி வெண்பாவில் தாரண வருடம், தை மாதம், அபரபக்க ஏகாதசி என்று மட்டும் இருக்கிறது. ஆங்கிலத் தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வருடம். அறுபது ஆண்டு வட்டத்தின் முதலாண்டான பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளில் சித்திரையில் பிறந்தது. தாரண பதினெட்டாவது. ஆகவே 1884, 1944, 2004. எந்த வட்டம் என்பதைப் பிள்ளைகளின் வயது சொல்லிவிடும்.

அடுத்ததில்தான் பலர் வழுக்குகிறார்கள். தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் தொடங்குவதால், 1944இல் பிறந்த தாரணவின் தை மாதம் 1945 ஜனவரி நடுவில்தான் வரும். மாசியும் பங்குனியும் அப்படியே. மார்கழி இரண்டு ஆண்டுகளிலும் கால் வைக்கும்.

பிறகு அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து, தை மாதத் தேய்பிறையின் பதினோராம் திதியைப் பாருங்கள். வெண்பாவில் வருவது பெரும்பாலும் உயிர் பிரிந்த நேரத்துத் திதி. நாட்காட்டியோ சூரிய உதயத்துத் திதியைப் போடும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் இடையே சில மணி நேர வித்தியாசம் வேறு. எனவே ஒரு நாள் முன்பின் விட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடி போன்ற நீண்ட மாதங்களில் ஒரே திதி இருமுறையும் வரலாம். இறப்புப் பதிவுச் சான்றிதழ் கிடைத்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

1960களின் வீரகேசரி மரண அறிவித்தல் ஒன்று கிடைத்தது. ஒரே நீள வாக்கியமாக இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

பென்சிலோடு உட்காருங்கள். "பிறப்பிடமாகவும்", "வதிவிடமாகவும்" என்ற சொற்களுக்கு முன்னால் வருபவை ஊர்கள். "தம்பதிகளின் புத்திரரும்" என்பது பெற்றோர். அடுத்த தம்பதிகளின் "மருமகனும்" என்றால் மாமன் மாமி, அதாவது மனைவியின் பெற்றோர். ஆனால் கடைசியில் தனிப்பெயர்களோடு வரும் "மருமக்கள்" பிள்ளைகளைக் கட்டியவர்களாகவோ, இறந்தவர் ஆணானால் சகோதரியின் பிள்ளைகளாகவோ, பெண்ணானால் சகோதரனின் பிள்ளைகளாகவோ இருக்கலாம். பக்கத்தில் "பெறாமக்கள்" (பிள்ளை முறையில் வருபவர்கள்) பட்டியல் தனியாக இருந்தால் இரண்டையும் குழப்பாதீர்கள். "மைத்துனர்" என்பதில் மனைவியின் சகோதரரும் அடங்குவார், சகோதரியின் கணவரும் அடங்குவார். எவர் என்பதை அறிவித்தல் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

தங்கம் போன்ற சொல் "காலஞ்சென்ற". அது யார் பெயருக்கு முன்னால் இருக்கிறதோ, அவர் அந்தத் தேதிக்கு முன்பே போய்விட்டார். இரண்டு அறிவித்தல்களை ஒப்பிட்டு, முந்தியதில் அந்தச் சொல் இல்லாமல் பிந்தியதில் இருந்தால், இறந்த காலத்தை அந்த இடைவெளிக்குள் அடக்கிவிடலாம்.

நினைவஞ்சலி விளம்பரம் வேறு விஷயம். "10ஆம் ஆண்டு" என்று போட்டிருந்தால், அது வெளிவந்த நாளுக்குச் சரியாகப் பத்தாண்டு முந்திய நாள்தான் இறந்த தேதி என்று எழுதிவிடாதீர்கள். திதி நாளில் போடுகிறவர்கள் உண்டு, திதி ஆண்டுக்கு ஆண்டு நகரும்.

கத்தோலிக்கக் கோயில் பதிவேட்டில் தாத்தா பெயரே இல்லை. ஆனால் சேமக்காலையில் கல்லறை இருக்கிறது.

பழைய பதிவேடுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும், வீட்டுப் பெயரில் தேடினால் அகப்படாது. முடியப்பர் அங்கே ஸ்டெஃபானுஸ், இராயப்பர் பேத்ருஸ், சின்னப்பர் பவுலுஸ், அருளப்பர் யோவான்னெஸ். இறப்பேட்டில் கிடைக்காவிட்டால் திருமண ஏட்டையும் பாருங்கள், பெற்றோர் பெயர் அங்கே இருக்கும்.

கல்லறை எழுத்து தேய்ந்துவிட்டது. சோக்கட்டி தேய்க்கலாமா?

வேண்டாம். சோக்குத்தூள் துளைக்குள் இறங்கிக் கறையாக நிற்கும். கம்பித் தூரிகை, பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதுவும் ஆகாது. சுண்ணாம்பு கலந்த கல்லை ஆசிட் அரித்துவிடும். தண்ணீரும் மென்மையான நைலோன் தூரிகையும் போதும். கல் உதிர்கிறது என்றால் அதையும் நிறுத்துங்கள். எழுத்தை வாசிக்க வெளிச்சம்தான் வழி: காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படமெடுங்கள், அல்லது நண்பரை ஒரு கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சச் சொல்லுங்கள். கல்லறை முழுவதும், அடுத்த இரு கல்லறைகள் என்று அகலமாகவும் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் கிடப்பவர் பெரும்பாலும் உறவினர்தான்.

பூட்டனார் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தார். எங்கே தேடலாம்?

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தளம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. சில இதழ்களை நூலகக் கட்டடத்தில் மட்டுமே திறக்க முடியும். ஆங்கில இதழில் கனகசபையைத் தேடினால் 'கே'யிலும் 'சி'யிலும் தொடங்கிப் பாருங்கள், ஈற்றெழுத்துகளையும் மாற்றிப் போடுங்கள். பழைய அச்சைக் கணினி தப்பாக வாசிப்பது சகஜம், ஆகவே பெயர் விழாவிட்டால் ஊர், பதவி, 'சிலோன்' போன்ற சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். பெண்களுக்குச் சொந்தப் பெயர் பெரும்பாலும் அச்சாகாது, கணவர் பெயரோடு 'மிசிஸ்' சேர்த்துப் பாருங்கள்.