தெருவில் கிடைத்த பூனைக்குட்டிகள்: தடுப்பூசிக்குப் பணம் கொடுக்கும் முன்

கேள்வி: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் அருகே யாரோ அட்டைப்பெட்டியில் விட்டுச் சென்ற இரண்டு பூனைக்குட்டிகளைத் தண்டையார்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறோம். வீட்டில் ஏற்கெனவே மூன்று வயதுப் பூனை ஒன்று இருக்கிறது. அதற்கு இதுவரை எந்தத் தடுப்பூசியும் போட்டதில்லை. மருந்துக் கடையில் தடுப்பூசிக் குப்பியை மட்டும் வாங்கி நாமே போட்டுவிட்டால் செலவு குறையும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். பூனைகளுக்குப் போடப்படும் மூன்று நோய்த் தடுப்பூசி, பான்லூக்கோபீனியா, ஹெர்பிஸ், கலிசி ஆகிய வைரஸ்களுக்கு எதிரானது. இங்கே கிளினிக்குகளில் பொதுவாகக் கிடைப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ்களைக் கொண்ட வகை. தயாரித்த இடத்திலிருந்து ஊசி போடும் நேரம் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்தால்தான் அதற்குப் பலன் உண்டு. வெயிலில் வண்டிப் பையில் வந்த குப்பி, பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லாமலே வீணாகியிருக்கலாம். அப்படி வீணான மருந்தைப் போட்டுவிட்டு, பூனைக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்பியிருப்பது, போடாமலே இருப்பதைவிட ஆபத்தானது.

கிளினிக்கிலும் கவனமாக இருங்கள். குப்பியைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுப்பதையும், காலாவதித் தேதியையும், பொடியையும் திரவத்தையும் உங்கள் முன்னிலையில் கலப்பதையும் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்பதில் தயங்க வேண்டியதில்லை. குப்பியிலிருக்கும் ஸ்டிக்கரை உரித்து, பேட்ச் எண் தெரியும்படி தடுப்பூசி அட்டையில் ஒட்டி, மருத்துவரின் கையெழுத்தையும் பதிவு எண்ணையும் வாங்கிக் கொள்ளுங்கள். வெறும் ரப்பர் முத்திரை மட்டும் உள்ள அட்டை பின்னால் எதற்கும் சான்றாகாது.

ஆனால் ஊசிக்கு முன்பே இன்று செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குட்டிகளைத் தனி அறையில் வையுங்கள். அறை இல்லையென்றால் குளியலறையாவது போதும். பான்லூக்கோபீனியா, பூனை வளர்ப்பவர்கள் பூனை பார்வோ என்று சொல்வது, குட்டிகளை ஓரிரு நாளிலேயே கொன்றுவிடக்கூடியது. சாப்பிட மறுத்தல், வாந்தி, பேதி, காய்ச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். இந்த வைரஸ் மலத்தின் வழியாகப் பரவி, செருப்பிலும் கையிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த பூனையிடம் போகும். வீட்டுக்குள் ஓராண்டு வரையிலும் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. எனவே குறைந்தது இரண்டு வாரம் தட்டு, மணல் தட்டு, துணி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். வீட்டுப் பூனையைக் கவனித்த பிறகே குட்டிகளிடம் செல்லுங்கள்.

தரையைக் கழுவ ஃபினாயில் வாங்காதீர்கள். அது பூனைகளுக்கு நஞ்சு; இந்த வைரஸையும் நம்பகமாகக் கொல்லாது. சானிடைசரும் பயன்படாது. முதலில் சோப்பு நீரால் அழுக்கை நீக்கிவிட்டு, வீட்டு உபயோகத் திரவ பிளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டு, நன்றாக அலசிக் காயவிடுங்கள். அந்தக் குட்டிகள் வந்த அட்டைப்பெட்டியை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

ஊசியைப் பொறுத்தவரை வீட்டுப் பூனையையும் காத்திருக்க வைக்காதீர்கள்: அதற்கு இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, அதே இடைவெளியில், பதினாறு வாரம் நிறையும் வரை போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியின் வேலையைத் தடுக்கக்கூடும் என்பதால்தான் கடைசித் தவணையை விட்டுவிடக் கூடாது. செலவை எண்ணிப் பலர் கைவிடுவதும் அந்தத் தவணையைத்தான். சினையாக இருக்கும் பூனைக்கும் நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் இந்த உயிருள்ள தடுப்பூசியைப் போடக் கூடாது. குட்டிகளை வீட்டுப் பூனையோடு சேர்க்கும் முன் பூனைக்குப் பூனை தொற்றும் லுகீமியா வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை செய்து கொள்வது, அலங்காரக் கழுத்துப் பட்டையும் விளையாட்டுப் பொருளும் வாங்குவதைவிட நல்ல செலவு. பெரிய மருத்துவமனை வேண்டுமானால் வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

கேள்வி: வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்று சொல்லி விற்ற பெர்சியன் குட்டி ஐந்தாம் நாளே வாந்தியெடுத்து இறந்துவிட்டது. கடைக்காரர் கைவிரிக்கிறார்.

பதில்: பான்லூக்கோபீனியா தொற்றி அறிகுறி தோன்றப் பெரும்பாலும் இரண்டு முதல் பத்து நாள் வரை ஆகலாம். ஆகவே இறப்புக்கு அந்த நோய்தான் காரணம் என்றால், குட்டிக்குக் கடையிலேயே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வாய்ப்பு சான்றாகாது. சிகிச்சை தந்த மருத்துவரிடம் நோய் பெயரோடு எழுத்துமூலம் அறிக்கை வாங்குங்கள். மலத்தில் பார்வோ துரிதப் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவும் வேண்டும். பணம் செலுத்திய விவரம், வாட்ஸ்அப் உரையாடல், தடுப்பூசி அட்டை ஆகியவற்றையும் சேர்த்து, முதலில் கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தையே அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தர வேண்டும். எட்டு வாரத்துக்கும் குறைவான குட்டியை விற்பது 2018-ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகளுக்கு முரணானது என்பதால், குட்டியின் வயதையும் மருத்துவரிடம் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த குட்டியை அதே அறையில் விடும் முன், மேலே சொன்ன பிளீச் முறையைத் தவறாமல் செய்யுங்கள்.

கேள்வி: மீட்கும்போது பூனை கீறிவிட்டது. குட்டிதானே என்று விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. பான்லூக்கோபீனியா மனிதர்களுக்குத் தொற்றாது. ரேபிஸ் தொற்றும், அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ வேறு அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். அங்கே ரேபிஸ் தடுப்பூசிக்குக் கட்டணம் இல்லை. மருத்துவர் குறித்துத் தரும் தவணைத் தேதிகள் அனைத்துக்கும் போய்வாருங்கள்.