பொம்மைச் சிப்பாய்களுக்காக ஒரு நாள் விடுப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 46. சென்னையில் கணக்காளராகப் பணிபுரிகிறேன். ஓரங்குல உயரமே உள்ள பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டுவது மூன்றாண்டுகளாக என் பொழுதுபோக்கு. 1803-இல் மராத்தியருக்கு எதிராக நடந்த அசாயே போரில் பிரிட்டிஷ் தளபதி வெல்லெஸ்லியின் கீழ் போரிட்ட மெட்ராஸ் சிப்பாய்களை இப்போது தீட்டி வருகிறேன். சென்ற புதன்கிழமை, ஆசிரியையான என் மனைவி பள்ளிக்குச் சென்ற பின், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் தற்செயல் விடுப்பு எடுத்து, சாப்பிடவும் மறந்து, எட்டுச் சிப்பாய்களுக்குச் சிவப்புச் சட்டை தீட்டினேன். தலைவலி என்று மதியமே திரும்பிய மனைவி, "இதற்காகவா விடுப்பு எடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து தூரிகையைத் தொடவில்லை. தீட்டி முடித்தவற்றைச் செருப்புப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பதால், எல்லாம் வீண் வேலைதானோ என்றும் தோன்றுகிறது. இந்த வயதில் இது சரியா?

அன்புள்ள வாசகருக்கு,

செருப்புப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். 1960-களில் சிகாகோவில் ஓவிய மாணவர்களை ஆராய்ந்த உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, பசியும் களைப்பும் மறந்து தீட்டியவர்கள், படம் முடிந்ததுமே அதில் ஆர்வமிழந்து அடுத்ததற்குப் போவதைக் கண்டு வியந்தார். செயலில் முற்றிலும் ஒன்றிப்போகும் நிலையைப் பற்றிய அவருடைய பிற்காலக் கருத்துக்கு அந்த வியப்பும் ஒரு வித்து. வண்ணம் நீர்த்தால் சட்டை மடிப்பில் வழிந்துவிடும், கெட்டியானால் முகத்தின் செதுக்கலே மூடிப்போகும். செய்த தவறு உடனே கண்ணில் படுகிற, கைத்திறனுக்குச் சற்றே சவாலான இத்தகைய வேலையில்தான் மனம் அப்படி ஒன்றுகிறது. வயதைப் பொறுத்தவரை, பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போருக்கு ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் விதிநூல் வெளியிட்டபோது, அவருக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான்.

ஆகவே விடுப்பில் நான் குறை காணவில்லை. அதை மறைத்ததுதான், என் கணிப்பில், உங்களை உறுத்துகிறது. உங்கள் மனைவியின் கேள்வியைச் சிப்பாய்களின் மீதான ஏளனமாக எடுத்துக்கொண்டீர்கள்; தலைவலியோடு வீடு திரும்பிய ஒருவர், தமக்கென ஒரு நாள் கடைசியாக எப்போது கிடைத்தது என்று நினைத்தும் அதைக் கேட்டிருக்கலாம். இது என் ஊகமே, அவரிடமே கேட்டுவிடுங்கள். அடுத்த மாதம் விடுப்பு எடுக்கும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கு முன்பே, வீட்டையும் சமையலையும் நீங்கள் ஏற்றுக்கொண்டு, அவர் விரும்பியபடி கழிக்க ஒரு நாளை அவருக்கு ஒதுக்குங்கள். அதுவரை வண்ணப் புட்டிகளை இறுக மூடி வையுங்கள், காய்ந்துவிடும்.