இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த பிரிட்டிஷ் சொகுசுக் கார்களில் பென்ட்லி மார்க் 6-க்கு ஏன் இவ்வளவு மரியாதை?

ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஒரு முழுக் காரைத் தன் தொழிற்சாலைக்குள்ளேயே பூட்டி முடித்து விற்றது 1946-ல்தான் முதல்முறை. அந்தக் கார்தான் பென்ட்லி மார்க் 6. என்னைக் கேட்டால் மரியாதைக்கு முதல் காரணம் அதுதான். வேகம், தோல் இருக்கை, வால்நட் மரப் பலகை எல்லாம் அதற்கு அப்புறம்.

‘அப்படியானால் அதுவரை என்ன செய்தார்கள்?’ என்று கேட்கலாம். சேசிஸ் மட்டும் செய்தார்கள். வண்டியின் அடிச்சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் வரை டெர்பியில் இருந்த தொழிற்சாலையில் தயாராகும். வாங்குபவர் அதை ஹூப்பர், எச். ஜே. முலினர், பார்க் வார்ட் போன்ற ஒரு பட்டறைக்கு அனுப்பி, தன் விருப்பப்படி பாடி கட்டிக்கொள்வார். மரச் சட்டத்தின் மேல் தகடு அடிக்கும் கைவேலை அது. மாதக்கணக்கில் ஆகும். 1931-ல் நொடித்துப்போன பென்ட்லியை ரோல்ஸ் ராய்ஸ் வாங்கிய பிறகும் இதே வழக்கம்தான் நீடித்தது.

போர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. மெர்லின் விமான எஞ்சின் செய்வதற்காக 1938-ல் குரூ என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை எழுப்பியிருந்தார்கள். போர் முடிந்ததும் கார் வேலை முழுவதும் டெர்பியிலிருந்து அங்கே போனது. நாடு கடனில் மூழ்கியிருந்தது, எஃகுக்கு ரேஷன். ஏற்றுமதி செய்து டாலர் கொண்டுவருபவருக்குத்தான் எஃகு கிடைக்கும். அளவெடுத்துப் பாடி கட்டும் பழைய முறையில் அந்த எண்ணிக்கையை எட்டவே முடியாது. அதனால் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கவுலியில் இருந்த பிரஸ்டு ஸ்டீல் நிறுவனத்தில் முழு எஃகு பாடியை அச்சில் அடித்து வாங்கி, குரூவில் பெயின்ட், மரவேலை, தோல்வேலை செய்து முடித்தார்கள். வடிவத்தைச் செப்பனிட்டவர்களில் ஜான் பிளாட்ச்லியும் ஒருவர். போருக்கு முன் ஒரு பாடி கட்டும் பட்டறையின் தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர், பின்னாளில் ரோல்ஸ் ராய்ஸின் சில்வர் கிளவுட், சில்வர் ஷேடோ கார்கள் இரண்டுக்கும் உருவம் தந்தவர். அச்சில் அடித்த கார் என்று மார்க் 6-ஐப் பார்த்தால் தோன்றாது, அந்தப் பழைய பட்டறைக் கண் அதில் தெரிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் புது முறையை அவர்கள் பென்ட்லி பெயரில்தான் இறக்கினார்கள். அதே 1946-ல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ரெய்த்துக்குப் பழையபடி சேசிஸ் மட்டும்தான். தொழிற்சாலைப் பாடியைப் பணக்கார வாடிக்கையாளர் ஏற்பாரா என்ற தயக்கம் இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஏற்றுக்கொண்டார்கள். 1952 வரை 5,000-க்குச் சற்று மேல் மார்க் 6 தயாரானது, அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு எஃகு பாடி. 1949-ல் அதே பாடியில் ரோல்ஸ் ராய்ஸ் ரேடியேட்டரை வைத்து சில்வர் டான் வந்தது, அதுவும் முதலில் ஏற்றுமதிக்கு மட்டும்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். வரிசையாக ஆறு சிலிண்டர், 4,257 சிசி. 1951-ல் சிலிண்டர் துளையைப் பெரிதாக்கி 4,566 சிசி ஆக்கினார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்க எஸ்.யு. நிறுவனத்தின் இரட்டைக் கார்புரேட்டர், நான்கு கியர். காற்று உள்ளே வரும் வால்வு மேலே எஞ்சினின் மூடியான சிலிண்டர் ஹெட்டில், புகை வெளியேறும் வால்வு பக்கவாட்டில் எஞ்சினின் உடலான பிளாக்கில் இருக்கும். இதனால் உள்வால்வைப் பெரிதாக வைக்க இடம் கிடைத்தது, சூடாகும் வெளிவால்வு தண்ணீர் சூழ்ந்த பிளாக்கில் குளிர்ச்சியாக இருந்தது. இதே குடும்பத்து ஆறு சிலிண்டர் எஞ்சின்தான் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஃபெரெட் கவச வண்டியிலும் ஓடியது. குதிரைத்திறன் எவ்வளவு என்று நிறுவனம் வெளியிடவே இல்லை. ஆனால் 1951-ல் ‘தி மோட்டார்’ பத்திரிகை பெரிய எஞ்சின் வண்டியை ஓட்டிப் பார்த்து, மணிக்கு 100 மைல் தொட்டதாகவும், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 15 விநாடியில் எட்டியதாகவும் எழுதியது. கிட்டத்தட்ட 1.8 டன் எடையுள்ள வண்டி அது! வரி சேர்த்து விலை சுமார் 4,470 பவுண்ட்.

குரூ இருக்கும் செஷயர் மாவட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பெரியவரின் 1950-ம் வருட மார்க் 6-ல் சில முறை போயிருக்கிறேன். கியர் தண்டு ஓட்டுநருக்கு வலப்பக்கம், இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும். முன்கதவின் கீல் பின்பக்கம், அதாவது இன்றைய கார்களுக்கு நேர் எதிராகத் திறக்கும். அவர் தண்டில் கால் இடிக்காமல் உடம்பைத் திருப்பி உட்காருவதே பழகிய அழகு. வண்டியைக் கிளப்பியதும் டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஒரு சின்னப் பெடலை மிதித்தார். காலை எடுத்த பிறகும் அது உடனே எழவில்லை, மெல்ல மெல்ல மேலே வந்தது. சேசிஸில் அசையும் மூட்டுகளுக்கெல்லாம் ஒரே தொட்டியிலிருந்து குழாய் வழியாக எண்ணெய் போகிறதாம். ஒரு மிதியில் முழு வண்டிக்கும் எண்ணெய் விட்டாயிற்று. கிரீஸ் கன்னோடு அடியில் படுக்க வேண்டியதில்லை.

பிரேக் இன்னும் அருமை. கியர்பாக்ஸின் பக்கத்தில் ஓர் உராய்வுத் தட்டு, வண்டி ஓடும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். பிரேக்கை மிதித்தால் தட்டுகள் அழுந்தி, வண்டியின் ஓட்டத்திலிருந்தே பலத்தை வாங்கிச் சக்கரங்களில் உள்ள பிரேக் டிரம்களுக்குக் கொடுக்கும். அந்தப் பலம் முன்சக்கரத்துக்குத் திரவ அழுத்தத்தில் (ஹைட்ராலிக்), பின்சக்கரத்துக்கு இரும்புக் கம்பி வழியாகப் போகும். ஹிஸ்பானோ சுய்சா என்ற கார் நிறுவனத்திடமிருந்து 1920-களில் எடுத்துக்கொண்ட உத்தி இது. நல்ல வேகத்தில் விரல் நுனி பட்டது போல மிதித்தாலே வண்டி கட்டுப்படும். ஆனால் நடை வேகத்தில் தட்டு மெதுவாகச் சுற்றுவதால் பிடிக்க ஒரு கணம் எடுக்கும். பார்க்கிங்கில் அந்தப் பெரியவர் எப்போதும் ஓர் அடி முன்னதாகவே மிதிப்பார்.

குறையும் உண்டு. போருக்குப் பிறகு கிடைத்த எஃகு தரம் குறைந்தது, இந்த பாடிகள் மோசமாகத் துருப்பிடிக்கும். டிக்கியும் சின்னது, 1952-ல் வந்த ஆர் டைப் என்ற அடுத்த மாடலில் அதை நீட்டித்தான் சரிசெய்தார்கள். வாங்கும் எண்ணம் இருந்தால் எஞ்சினைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். முதலில் டார்ச்சோடு குனிந்து கதவுக்குக் கீழ் ஓரத்தையும் பின்சக்கரத்தைச் சுற்றியுள்ள தகட்டையும் பாருங்கள்.