வாசகர் கேள்வி – பதில்: பதினாறு வயதில் தூக்கம் ஏன் தள்ளிப்போகிறது?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். இரவு 10.30-க்கே படுத்தாலும் 2 மணி வரை புரண்டுகொண்டே இருக்கிறேன். காலை 6 மணிக்கு அம்மா உலுக்கி எழுப்புகிறார். முதல் இரண்டு பீரியடும் கண் சொருகுகிறது. ஞாயிற்றுக்கிழமை 12 மணி வரை தூங்கியும் களைப்பு போகவில்லை. எனக்கு என்ன வியாதி?
– மாணவர், வில்லிவாக்கம்

பதில்: வியாதி என்று பயப்பட வேண்டாம். இருட்டியதும் மூளை மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து, இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும். பருவமடையும் வயதில் அது சின்ன வயதில் சுரந்ததைவிட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. ஆகவே 10.30-க்குத் தூக்கம் வராததைச் சோம்பல், திமிர் என்று திட்டுவது நியாயமே இல்லை. வீட்டுப் பெரியவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

ஆனால் 11.30-க்கு வரவேண்டிய தூக்கம் 2 மணிக்குப் போனதற்குப் பெரிய காரணம் உங்கள் ஞாயிற்றுக்கிழமை. விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத்தான் தூக்கம் அழுத்தும். பகல் 12-க்கு எழுந்தவருக்கு இரவு 11 மணிக்கு அந்த அழுத்தம் போதுமான அளவு ஏறியிருக்காது. காலை வெளிச்சமும் கண்ணில் படாததால் உடல் கடிகாரம் இன்னும் பின்னால் போகிறது. வியாழன், வெள்ளிக்குள் கொஞ்சம் தேறும்போது அடுத்த ஞாயிறு வந்துவிடும்.

அதனால் முதலில் எழும் நேரத்தைப் பிடியுங்கள். வாரம் முழுக்க 6 மணி. ஞாயிறு மட்டும் அதிகபட்சம் 7. எழுந்த அரை மணி நேரத்துக்குள் மொட்டை மாடிக்குப் போய் 20 முதல் 30 நிமிடம் இருங்கள். புத்தகத்தோடு போகலாம், சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை. சென்னையில் ஆண்டு முழுவதும் 5.40-க்கும் 6.40-க்கும் இடையில் சூரியன் உதித்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வானம் மூடியிருந்தாலும் வெளி வெளிச்சம் டியூப் லைட் அறையைவிடப் பல மடங்கு அதிகம். பால்கனியில் நின்றால்கூடப் பலன் உண்டு.

10.30-க்குப் படுப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். தினமும் மூன்றரை மணி நேரம் விழித்துக்கொண்டே படுத்திருந்தால், பாயைப் பார்த்தாலே விழிப்பு வரும்படி மூளை பழகிவிடும். முதல் வாரம் 12 மணிக்குப் படுங்கள். அரை மணிக்குள் தூங்கிவிடும் இரவுகள் தொடர்ந்து மூன்று நான்கு வந்தால் 11.45-க்கு மாறுங்கள். இப்படிக் கால் மணி கால் மணியாக முன்னால் கொண்டுவந்தால் 10 மணியைத் தொட ஒரு மாதம் ஆகும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 10-க்குப் படுத்து 6-க்கு எழுந்தால் குறைந்தபட்ச அளவு கிடைத்துவிடும்.

முதல் வாரம் பகலில் தூக்கம் அசத்தும். அந்த நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம். முடியவில்லை என்றால் மாலை 4 மணிக்குள் அலாரம் வைத்து 20 நிமிடம் மட்டும் கண்ணயரலாம். ஒரு மணி நேரம் தூங்கினால் தலை கனத்து எழுவீர்கள், ராத்தூக்கத்திலும் அது கழியும். படுத்துச் சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால், கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் துணி மடியுங்கள், பழைய பத்திரிகை புரட்டுங்கள். கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள். இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்கியதும் "இந்த ஒரு ஞாயிறுதானே" என்று விடுவதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள்.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. டியூஷன் முடிந்து வீட்டுக்கு வர 8.30 ஆகிறது. 9 மணிக்குக் காபி குடித்துவிட்டு 12 வரை படிக்கிறாள். அதிகாலையில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்று அவள் தாத்தா 4 மணிக்கு எழுப்புகிறார். சரியா?
– ஒரு தாய், மடிப்பாக்கம்

பதில்: இரவு 8 மணிக்குப் படுத்தவருக்கு 4 மணி சரிதான். 12-க்குப் படுக்கும் பெண்ணை 4-க்கு எழுப்பினால் பாதித் தூக்கம் போய்விடும். கனவுத் தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. படித்தது மனதில் பதிய முழு இரவுத் தூக்கமும் வேண்டும். 10.30-க்குப் புத்தகத்தை மூடி 6.30 வரை தூங்கவிடுங்கள். தாத்தாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

காபியிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 9 மணிக் காபியில் பாதி, நடுநிசி 2 மணிக்கும் உடம்பில் இருக்கும். தூங்கினாலும் ஆழமாகத் தூங்க முடியாது. கடைசிக் காபி மதியம் 2 மணிக்குள் முடியட்டும். டீக்கும் கோலாவுக்கும் இதே கணக்கு. எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம். தினமும் மூன்று நான்கு டம்ளர் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலி வரும். டிகாக்‌ஷனை நாளுக்கு நாள் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள்.

டியூஷனுக்கு முன்பே சுண்டலோ இரண்டு இட்லியோ கொடுத்தால் ராச்சாப்பாடு கனமாகாது. வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடத்தை 9.30-க்குள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அதன்பின் போன் சார்ஜரோடு ஹாலில் இருக்கட்டும், உங்கள் போனும் கூடவே. எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும்.

கேள்வி: பரீட்சை முடிந்தது முதல் விடியற்காலை 4 மணிக்குத் தூங்கி மதியம் 12-க்கு எழுகிறேன். நாளையிலிருந்து 5 மணி அலாரம் வைக்கலாமா?
– மாணவி, குரோம்பேட்டை

பதில்: வேண்டாம். உங்கள் உடம்புக்கு இப்போது காலை 5 மணி என்பது நள்ளிரவு. அந்த நேரத்தில் பலத்த வெளிச்சம் பட்டால் கடிகாரம் முன்னால் வருவதற்குப் பதில் இன்னும் பின்னால் போகக்கூடும். முதல் நாள் 11.30-க்கு எழுந்து உடனே வெளிச்சத்துக்குப் போங்கள். மே மாதம் என்றால் நிழலில் நின்றாலே போதும். இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி முன்னால் நகர்த்துங்கள். மூன்றரை வாரத்தில் 6 மணிக்கு வந்துவிடலாம். பள்ளி திறக்கும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: ஒரே அறை வீடு, மேல்மாடி. அப்பா செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வர 11.30 ஆகும். புழுக்கம் தாங்கவில்லை.
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தூக்கம் வர உடம்பின் உள்சூடு இறங்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை காயாததால் அது இறங்குவதில்லை. மேல்மாடியில் பகலெல்லாம் சூடேறிய தளம் இரவு முழுக்க அனலை இறக்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். தொட்டித் தண்ணீரே அப்படித்தான் வரும். ஃபோம் மெத்தையை எடுத்துவிட்டுக் கோரைப்பாயில் படுங்கள். வெளியே குளிர்ந்த பிறகு, டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்புறம் பார்க்க அரை மணி ஓடவிட்டு எதிர்க் கதவைத் திறந்தால் உள்ளே தேங்கிய சூடு வெளியேறும். பிறகு ஃபேனை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். அப்பாவுக்குச் சாப்பாட்டை முன்பே எடுத்து வைத்து, டியூப் லைட்டுக்குப் பதில் சின்ன மஞ்சள் பல்பை எரியவிடுங்கள். நீங்கள் அதற்கு முதுகு காட்டிப் படுக்கலாம்.

கேள்வி: அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் வரும் என்கிறாள் தோழி. மெலடோனின் மிட்டாய்கூட ஆன்லைனில் கிடைக்கிறதாம். வாங்கலாமா?
– 17 வயது வாசகி, ஆவடி

பதில்: இரண்டும் வேண்டாம். அலர்ஜி மாத்திரையின் மயக்கம் மறுநாள் வகுப்பு வரை நீளும். சில நாட்களில் உடம்பு பழகி, தூக்கமும் வராது. மெலடோனினை எந்த நேரத்தில், எந்த அளவில் எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

முன்பே சொன்ன முறைகளை நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் பலன் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால் டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்புறம் உள்ள சதை) காரணமாக இருக்கலாம். படுத்ததும் கால்களை அசைக்காமல் இருக்க முடியாவிட்டால் இரும்புச்சத்துப் பரிசோதனை தேவைப்படும். இந்த இரண்டுக்கும் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம். எதிலும் நாட்டமில்லாமல் மனம் சோர்ந்திருந்தால், தூங்காமலே சில நாள் அளவுக்கு மீறிய உற்சாகம் இருந்தால், மனநல மருத்துவரிடம் போங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு வாரக் குறிப்பு கையில் இருக்கட்டும்: படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், குடித்த காபி, டீ, போட்ட மாத்திரை. காலையில் எழுந்ததும் எழுதுங்கள். இரவில் எழுத உட்கார்ந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்.